ஒன்பதாம் நம்பர் தறி

மாலை வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பேரையும் பந்தலுக்கு வெளியிலேயே பிடித்துவிட்டார்கள்.

ஸ்வீட்லின் அப்போது ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா. முதல் அடியின் சத்தத்தை, யாரோ நாற்காலியைப் போட்டு உடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது அடிக்கு ஒருவன் கத்தினான். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

“கொன்னுபோட்டு மாலை வேற கொண்டுட்டு வாரியாலே?”

“தெருவுக்குள்ள கால் வைக்க எம்புட்டுத் தைரியம் பாரு!”

அவள் ஜன்னலுக்குப் போனாள். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்கள். ஒருவனை முகம் தெரியும், பேர் தெரியாது. துவைத்த வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தான். அதன் முதுகில் இப்போது செருப்புத் தடம். ரோஜா மாலை அறுந்து எல்லோருடைய காலடியிலும் கிடந்தது.

கையாலும் காலாலும்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அண்ணன் பெனின், பந்தல்காரன் சாய்த்து வைத்திருந்த இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தான். வெள்ளைச் சட்டைக்காரன் தலையைக் காக்கக் கையைத் தூக்கினான். குழாய் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் மற்ற சத்தங்களிலிருந்து விலகித் தனியாகக் கேட்டது. அடித்துக்கொண்டிருந்தவர்களே ஓரடி பின்வாங்கினார்கள். பெனின் நிறுத்தவில்லை. தொடை, இடுப்பு, விலா என்று, குனிந்து ஒரு வேலையை முடிப்பவனைப்போல அடித்துக்கொண்டே இருந்தான்.

“ஏலே பெனின், போதும்லே. செத்துருவான்.”

“சாவட்டும். விடுங்கலே என்னைய.”

மூன்று பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது. மற்ற ஒடிசாக்காரன் வெள்ளைச் சட்டைக்காரனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, சுவரோடு சுவராக இழுத்துக்கொண்டு போனான். துரத்திப் போனவர்களை ஜேசுதாசன் சித்தப்பா கையை விரித்து மறித்தார்.

“இப்ப வேண்டாம். அண்ணன மண்ணுல வச்சிருவோம். பொறவு மொத்தமாப் போவோம். ஓடி எங்கடே போயிருவான், ஆயிரம் மைலுக்கா?”

சிலர் சிரித்தார்கள். துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. தறித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். உள்ளே வந்தவர் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஸ்வீட்லினைப் பார்த்தார்.

“எழுதிட்டியாட்டி?”

“இன்னும் இல்ல சித்தப்பா.”

“நாலு மணிக்குப் பெட்டிய சர்ச்சுக்குத் தூக்கணும். இப்ப மணி ஒண்ணு.”

அவர்கள் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் ஜீவிய சரித்திரம் வாசிப்பது வழக்கம். பிறந்த ஊர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பிள்ளைகள், பார்த்த தொழில், கடைசி நாட்கள், கர்த்தருக்குள் நித்திரையடைந்த நேரம். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஸ்வீட்லின் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோதே இதை எழுத ஆரம்பித்துவிட்டாள். இதுவரை பதினான்கு எழுதியிருக்கிறாள். எதை எழுதவேண்டும் என்பதைவிட எதை விடவேண்டும் என்பதுதான் அந்த வேலை என்று அவளுக்குத் தெரியும். குடித்துக் குடித்துச் செத்தவருக்கு ‘சிறிது காலம் நோயுற்றிருந்து’ என்று எழுதுவாள். மருந்தைக் குடித்துச் செத்த பெண்ணுக்கு ‘எதிர்பாராத விதமாக’. இதுவரை யாரும் ஒரு வரியைக்கூடக் குறை சொன்னதில்லை.

இது பதினைந்தாவது.

அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ‘எங்கள் தகப்பனார் பொன்னுராஜ் அவர்கள்...’ ஐம்பத்தாறு வருடம் முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டது, பதினான்கு வயதில் தறிக்குப் போனது, அம்மாவைக் கல்யாணம் செய்தது, இரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டு வருடம் ஒரே கூடத்தில் பேண்டேஜ் துணி நெய்தது. மாசற்ற வேலைக்காரர் என்று எழுதி அடித்துவிட்டாள். அப்படி எல்லோருக்கும் எழுதியிருக்கிறாள்.

சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எங்க வந்திருக்க?”

“கடைசிக்கு.”

“நான் சொல்லுதேன், எழுது. ‘வேலைநிறுத்தத்தின் இருபதாம் நாளன்று, தொழிலாளர் ஒற்றுமைக்காக நியாயம் கேட்கச் சென்ற இடத்தில், வடநாட்டுத் தொழிலாளி ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு...’”

அவள் எழுதினாள். பேனா தடங்கலில்லாமல் ஓடியது. எழுதி முடித்ததை அவர் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“இது போதும்ட்டி. போதகர் ஐயா இத வாசிச்சாக்கூட நல்லாருக்காது, நீதான் வாசிக்கணும். மக வாசிச்சாத்தான் ஆளுக்கு ரத்தம் கொதிக்கும்.” குரலைத் தாழ்த்தினார். “வேன்ல ரெண்டு கேன் பெட்ரோல் வச்சிருக்கு. குவாட்டர்ஸுக்கு ஒரே ஒரு கதவு. நீயும் அம்மாவும் கல்லறைத் தோட்டத்துல இருந்து நேர வீட்டுக்கு வந்துருங்க. என்ன?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் போய்விட்டார். ஒடிசாக்காரர்கள் தங்கியிருந்த அந்த வரிசை வீட்டில் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள் என்று ஒருநாள் அப்பா சொன்னது நினைவில் இருந்தது.

முதலில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரில் தறிக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்ட நேரம். ‘நம்ம பிள்ளைகளெல்லாம் காலேஜ் பஸ்ல கிருஷ்ணன்கோவிலுக்குப் போகுது, தறிய எவன் ஓட்டுவான்?’ என்றார் முதலாளி. அது பொய்யில்லை. அந்த பஸ்ஸில் ஸ்வீட்லினும் போனாள். பிறகு இரண்டு ஏழானது, ஏழு இருபதைத் தாண்டியது. இங்கே ஒருவர் நான்கு தறி பார்த்தால் அவர்கள் எட்டு பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை போடும் கூலி ஒப்பந்தம் இந்தத் தடவை தள்ளிக்கொண்டே போனது. சங்கம் தறியை நிறுத்தியது. முன்பெல்லாம் நிறுத்தினால் ஊரே அடங்கிக் கிடக்கும். இந்தத் தடவை நிறுத்திய மறுநாள் காலையிலும் கூடத்திலிருந்து சத்தம் வந்தது. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் தங்கள் தறியின் சத்தத்தை இன்னொருவன் கையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கூடங்களில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. தறியில் ஏற்றிய நெடுக்கு நூலான பாவு தீர்ந்து துணியை அறுக்கும்போது எவன் நின்று ஓட்டுகிறானோ, அடுத்த பாவும் அவனுக்குத்தான், தறி அவனுடையது. எந்த முதலாளியும் இதை மீறியதில்லை. அப்பாவின் ஒன்பதாம் நம்பர் தறியில் பிரபுல்லா என்பவன் நின்றான். எல்லோரும் பிரபு என்பார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பாவு தீரவேண்டிய நாள்.

அன்று விடிந்தும் விடியாமலும் அப்பா அவளை எழுப்பினார். வாசலில் வைத்துத்தான் சொன்னார்.

“அவங்கிட்ட பேசிட்டேன். கடைசி முப்பது மீட்டர நான் ஓட்டிக்கிடுதேம்லே, நீ செத்த நேரம் தள்ளி நில்லுன்னேன். சரி மாமான்னுட்டான்.”

“சித்தப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“தெரியக் கூடாது. பெனினுக்கு அதவிடத் தெரியக் கூடாது. ஒம்பது மணிக்கு அறுத்துட்டு வந்து கேட்டுக்கு முன்னால எல்லாரோடயும் உக்காந்துருவேன்.” கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஸ்ட்ரைக்கு ஒருநாள் முடியும்ட்டி. தறி போனா போனதுதான். இந்த வயசுல எவங்கிட்டப் போய் நிக்க?”

கேட்டைச் சுற்றிக் கூடத்தின் பின்வாசல் வழியாகப் போனார்.

எட்டரைக்குக் கேட்டுக்குள்ளிருந்து பிரபு ஓடிவந்தான். அப்பாவை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். அவன் சட்டை முழுக்க ரத்தம். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சட்டை போதுமானதாக இருந்தது. பொன்னுராஜ் அண்ணன் நியாயம் கேட்க உள்ளே போயிருக்கிறார், இவன் தறியில் குறுக்கு நூலோடு பாயும் இரும்புமுனை நாடாக்கட்டையை எடுத்துத் தலையில் அடித்துவிட்டான். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவை வாங்கித் தரையில் கிடத்திவிட்டு அவனை அடித்தார்கள். அவன் தரையில் கிடந்தவரைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். பல்லை உடைத்தார்கள். பத்து நிமிடமா, இருபது நிமிடமா, யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் அப்பா வெயிலில் கிடந்தார். ஆட்டோ பிடிக்கவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியபோது அவர் மூச்சு மாறியிருந்தது.

முதலாளி, தான் அன்று ராஜபாளையத்தில் இருந்ததாகச் சொல்லிவிட்டார். உள்ளே நடந்த விபத்து என்றால் வழக்கு அவர்மேல் வரும். அடிதடி என்றால் வராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு முன்னால், வராந்தாவில் இருந்த கட்டிலில் பிரபுவைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு கையைக் கட்டிலோடு விலங்கு போட்டிருந்தார்கள். ஸ்வீட்லின் கடந்துபோகும்போது வீங்கிய முகத்தைத் திருப்பி, “மாமா எப்டி இருக்கு?” என்று கேட்டான். அவள் நிற்காமல் நடந்தாள். அப்பா அதற்கு அரைமணி முன்பே போயிருந்தார். தலையைச் சுற்றியிருந்தது பேண்டேஜ் துணி.

அன்று கேட்டுக்குப் போகாமலிருந்த பெனின் அந்த வராந்தாவுக்குத்தான் ஓடிவந்தான். மூச்சிரைக்க அவள் தோளைப் பிடித்தான். அவன் கேட்டது இரண்டே சொல்.

“எந்தத் தறி?”

“ஒம்பது” என்றாள்.

அவன் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அப்பாவைப் பார்க்க உள்ளே வரவில்லை.

ஸ்வீட்லின் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே பெனின் கை கழுவிக்கொண்டிருந்தான். குழாய் பிடித்த உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

“சித்தப்பா சொன்னத எழுதிட்டியா?” என்றான், திரும்பாமல்.

“எழுதிட்டேன்.”

“பொறவென்ன?”

“ஆஸ்பத்திரில அப்பா எப்பிடி இருக்காகன்னு நீ கேக்கல. எந்தத் தறின்னு கேட்ட.”

அவன் இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டான். ஊற்றவில்லை.

“திங்கக்கெழம காலைல உங்கையில கிரீஸு இருந்தது. துணிசோப்பு போட்டுத் தேச்ச. நீ ஃபிட்டரு. ஸ்ட்ரைக்கு தொடங்குன நாள்ல இருந்து ஸ்பேனரத் தொட்டிருக்கியா? ஞாயித்துக்கெழம ராத்திரி எங்க போன?”

செம்பிலிருந்த தண்ணீர் தளும்பிக் காலில் விழுந்தது. பந்தலில் பெண்கள் மறுபடி அழ ஆரம்பித்திருந்தார்கள். யாரோ புதிதாக வந்திருக்கவேண்டும்.

“ரெண்டு சுத்து” என்றான் பெனின். “ராத்திரி தறி நின்னப்புறம் உள்ள போயி, நாடாப் பெட்டி போல்ட்ட ரெண்டே ரெண்டு சுத்து தளத்துனேன். கொஞ்சங் கொஞ்சமாத்தான் லூசாகும். ஒருநாள் ரெண்டுநாள் ஓடுனதுக்கப்புறம் வேகத்துல நாடா வெளிய தெறிக்கும். வேற ஒண்ணும் செய்யல.”

“யார் மேல?”

“தறி ஒடையணும்னுதான்.”

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்பா தறியில அவன் நிக்கான்ட்டி! இருவத்திரெண்டு வருசம் அப்பா நின்ன எடத்துல. நான் கேட்டுக்கு வெளிய உக்காந்து அந்தச் சத்தத்தக் கேக்கேன். மேல பட்டா படட்டும்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன். போதுமா?” குரல் உடைந்து, உடனே சீறலாக மாறியது. “அப்பா அங்க போவாகன்னு எனக்கு யாரு சொன்னா? ஒனக்குத் தெரியும்லா? வாசல்ல வச்சு ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான போயிருக்காக? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?”

சொல்லியிருந்தால் அவன் அப்பாவை அடித்துக்கூட இழுத்து வந்திருப்பான். அடித்திருந்தாலும் அப்பா இருந்திருப்பார். இரண்டு நாளாக அவள் மனதுக்குள் அந்த இடத்துக்கே போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“மாலை கொண்டு வந்தவன எதுக்கு அப்பிடி அடிச்ச?” என்றாள் கடைசியில்.

அவன் கையைப் பார்த்தான். “தெரியல.”

பின்கட்டுக் கதவில் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அம்மா கிருபாபாய்க்கு அழுது அழுது குரல் போயிருந்தது. வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

“அவன் பேர எழுதிராத.”

“அம்மா, கேன் வச்சிருக்காங்கம்மா. உயிரோட கொளுத்தப் போறாங்க. ஆஸ்பத்திரில இருக்கவன கொலக் கேசுல...”

“எல்லாம் எனக்குக் கேக்குது. காது செத்துப்போவல.” அம்மாவின் கண் வறண்டிருந்தது. “ஒருத்தர மண்ணுல வைக்கப் போறேன். இன்னொருத்தன ஜெயில்ல வச்சிட்டு யாருக்குட்டி சோறு பொங்குவேன்?”

“அவனுக்கும் ஒரு அம்மா இருப்பால்லா?”

“இருப்பா. அவ அழுவட்டும்.”

பெனின் செம்பைத் தொட்டி விளிம்பில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். அம்மா மணிக்கட்டை விட்டுவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவளுடைய அழுகை மற்றவர்களுடையதோடு சேர்ந்தது.

நாலு மணிக்குச் சர்ச் நிறைந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் வலதுபக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். வழக்கமாகச் சர்ச்சுக்கு வராதவர்கள், வேறு சாமி கும்பிடுகிறவர்கள் எல்லோரும். வாசலில் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் நான்கு போலீசும் நின்றார்கள். பெட்டியின்மேல் சங்கக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். போதகர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேதப்புத்தகத்தைத் திறந்தார்.

ஜெபம் முடிந்து அவள் பெயரைச் சொன்னதும் ஸ்வீட்லின் எழுந்து போய் நின்றாள். முன்வரிசையில் அம்மா. பக்கத்தில் பெனின், முழங்காலில் கையை ஊன்றி, தரையைப் பார்த்தபடி.

பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் குரல் நடுங்காமல் வந்தன. பதினான்கு பேருக்கு வாசித்த குரல். தாளின் கடைசிப் பத்திக்கு வந்தாள். சித்தப்பா சொன்ன வரிகள் அவளுடைய கையெழுத்தில் அழகாக இருந்தன. தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

“செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எங்கள் அப்பா பின்வாசல் வழியாகத் தறிக்கு வேலைக்குப் போனார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஒன்பதாம் நம்பர் தறியில் பாவு தீரும் நாள் அது. தறி கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்து போனார்கள். பிரபுல்லா ஒதுங்கி இடம் கொடுத்தார். அப்பா ஓட்டிக்கொண்டிருந்தபோது நாடா தெறித்து அவர்கள் தலையில் பட்டது. யாரும் அடிக்கவில்லை. பிரபுல்லாதான் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். நம் ஆட்கள் அவரை அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அப்பா தெருவில் கிடந்தார்கள்.”

வலதுபக்கத்தில் பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது.

பெனின் தலையைத் தூக்கியிருந்தான். அடுத்த வாக்கியத்துக்காக அவளையே பார்த்தான். மறுக்கவோ ஓடவோ போகிறவனின் முகமல்ல அது. தண்ணீருக்கு வாய் திறந்து நிற்பவனின் முகம் போலிருந்தது. அம்மா அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

“அன்று பகல் பதினொன்று பத்துக்கு எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்” என்று ஸ்வீட்லின் முடித்தாள்.

“பொய்யி!” ஜேசுதாசன் எழுந்துவிட்டார். “யாருட்டி ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தா? முதலாளியா?”

“அப்பாதான். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக.”

“எங்கண்ணன கருங்காலின்னு சொல்லுதியா? பெட்டிக்கு முன்னால நின்னுக்கிட்டு?”

“வேலைக்குப் போனாகன்னு சொல்லுதேன் சித்தப்பா.”

அவர் நடந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். கண்ணை மூடவில்லை. அவர் பெட்டியருகே நின்றார். அண்ணனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொடியின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினார். பெட்டி அசைந்தது. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். வலதுபக்கம் முழுவதும் எழுந்து அவர் பின்னால் போனது. செருப்பு மாட்டும் சத்தம். வாசலில் ஒருவன் காறித் துப்பினான்.

“இருவது நாள் பட்டினி கெடந்தோம். இந்தாளு பின்வாசல்ல போயிருக்காரு.”

“வேன எடுக்கச் சொல்லவா? கேனு...”

“இந்தக் கருங்காலிக்காக நான் கேசு வாங்கவா? போலே. வீட்டுக்குப் போ.”

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. மேற்கே, குவாட்டர்ஸ் பக்கம் போகாமல் ஊருக்குள் திரும்பிப் போனது. அந்தச் சத்தம் தேயும்வரை ஸ்வீட்லின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பெட்டியை மூடி வாசல்வரை நகர்த்தியபோது சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

“ஏம்மா, நாடா தானா தெறிக்குமா?”

பெனின் பெட்டியின் முன்பக்கத்தில் கையை வைத்திருந்தான். கை நின்றது.

“ஓட்டத்துல தெறிக்கும் சார்” என்றாள் ஸ்வீட்லின். “பழைய தறி.”

அவர் அவளைப் பார்த்தார். பெனினைப் பார்த்தார். அவன் உள்ளங்கையைப் பார்த்தார். “நாளைக்குத் தறியப் பாக்க வருவோம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். நடுவிலும் பின்னாலும் சபைக்கமிட்டிப் பெரியவர்கள் மூவரும் போதகரும் கைகொடுத்தார்கள். முன்னால் பெனின் மட்டும். எதிர்மூலைக்கு ஆள் இல்லை. தெருவில் நின்றவர்கள் சுவரையும் செல்போனையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் தூக்குவது வழக்கமில்லை. ஸ்வீட்லின் துப்பட்டாவை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்கடியில் குனிந்தாள். யாரும் தடுக்கவில்லை.

அம்மா பின்னால் நடந்துவந்தாள். மகளின் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை மட்டும், யாரிடம் என்றில்லாமல், “செத்த மனுசனுக்கு நல்ல பேரையாவது விட்டு வச்சிருக்கலாம்” என்றாள்.

டீக்கடை முக்கில் கூட்டம் நின்றது. அவர்கள் நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது. கடந்து நாலடி போயிருப்பார்கள். முதல் கல் பெட்டியின் பக்கவாட்டில் பட்டுக் கீழே விழுந்தது. இரண்டாவது பெனினின் புருவத்தில் பட்டது. அவன் தலை ஒருபக்கம் வெட்டி இழுத்தது, தோள் அசையவில்லை. போலீஸ் விசிலடித்துக்கொண்டு கடைப்பக்கம் ஓடியது. நாற்காலிகள் உருண்டன. லத்தி எதன்மேலோ விழுந்துகொண்டே இருந்தது.

ரத்தம் அவன் கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் வழிந்து, தாடையிலிருந்து சொட்டியது. இரண்டு கையும் பெட்டியில் இருந்தன.

“அண்ணே, செத்த எறக்கி வச்சிட்டுத் தொடச்சுக்கோ.”

“வேண்டாம்.”

“கண்ணு தெரியாம எப்பிடி நடப்ப?”

“எறக்குனா திரும்பத் தூக்க ஆளு கெடையாது.”

கல்லறைத் தோட்டத்துக்கு அங்கிருந்து ஏற்றம். அவள் அவனைவிட ஒரு சாண் குட்டை. ஏறத் தொடங்கியதும் பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. உள்ளே அப்பா மெதுவாகத் தன் பக்கமாக நகர்ந்து வருவது பலகை வழியாகத் தோளில் தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள்.

பெனினுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். முழங்கால்களை மடித்து, தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டான். பெட்டி நேரானது. அந்த ஏற்றம் முழுவதும் அப்படியே நடந்தான்.